ஒன்பது அங்குலத்துக்கு மேல்

ஒன்பது அங்குலம் நீளம், இரண்டு அங்குலம் அகலம். இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைத் தாண்டிவிட்டால், ஒரு கத்தி சட்டத்தின் கண்ணில் வாள், ஈட்டி, குத்துவாள் வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். 1959-ஆம் வருடப் படைக்கலச் சட்டத்துக்காக 1962-ல் எழுதிய விதிகளில் இருக்கும் அளவு இது. 2016-ல் விதிகளைப் புதிதாக எழுதியபோதும் இதைத் தொடவில்லை. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் இப்படிப்பட்ட ஒன்றைக் கையில் வைத்திருக்கவே உரிமம் வேண்டும்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு எங்கள் விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உத்திரத்தில் செருகியிருக்கும் வெட்டருவா, ஆட்டுக்கு அகத்திக்குழை ஒடிக்கப் போகிறவர் தோளில் மாட்டியிருக்கும் அருவா, இளநீர்க் கடையில் குலையோடு கிடக்கும் அருவா என்று எல்லாமே அளவைத் தாண்டியவை. ஆனால் யாரையும் பிடிக்க முடியாது. அதே விதிக்கு ஒரு வால் இருக்கிறது. வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்காக வடிவமைக்கப்பட்டவை நீங்கலாக, என்று அது சொல்கிறது. தென்மாவட்டங்களின் அருவா மொத்தமும் அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகிறது.

நான் இதையெல்லாம் தேடிப் படிக்கக் காரணம், பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு நண்பன். ட்ரெக்கிங் போகிறவன். மடக்குக் கத்தி போதாது என்று பத்து அங்குல போவி கத்தி ஒன்று வாங்கினான். மடங்காத கத்தி, பிடிக்குள் கடைசிவரை ஓடும் ஒரே இரும்பு, அவன் பாஷையில் ஃபுல் டேங். வார இறுதியில் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பான், வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. நல்ல எடையுள்ள ஒரு கத்தியைக் கையில் வாங்கினால் தோள்வரைக்கும் ஒன்று ஏறும். அதை உணராதவர் போலப் பேசுவது பாசாங்கு. என்னுடைய சந்தேகம் வேறு. அவனுக்குக் கிடைக்கிற அந்தச் சுத்தமான சந்தோஷம் எங்கள் ஊரில் ஒரு பெரிய கத்தியைத் தூக்கினால் ஏன் கிடைப்பதில்லை?

முதலில் அவன் கத்தியின் கதை. 1827-ல் மிசிசிப்பி ஆற்றின் நடுவே ஒரு மணல் திட்டில் இரண்டு கனவான்கள் துப்பாக்கி டூயல் போட வந்தார்கள். அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். கூட வந்தவர்கள் அடித்துக்கொண்டார்கள். குண்டடி பட்டு, வாள் குத்தும் வாங்கிய ஜிம் போவி, பெரிய கத்தி ஒன்றால் எதிராளியைக் கொன்றுவிட்டு உயிர் பிழைத்தார். பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. சீக்கிரமே இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பட்டறைகள் அமெரிக்கச் சந்தைக்காக போவி கத்திகளை வடித்துக் கப்பலேற்றின. கொலைகளும் பெருகின. அலபாமா மாகாணம் 1837-ல் ஒரு கத்தி விற்றால் நூறு டாலர் வரி என்றது. அடுத்த வருடம் டென்னசி விற்பனைக்கே தடை போட்டது. அதாவது, ஒரு காலத்தில் அந்தக் கத்தியும் ரௌடிக் கத்திதான். பிறகு ரிவால்வர் வந்தது, சண்டைக்கு போவி தேவைப்படவில்லை. தேவை போன பிறகு மியூசியத்துக்கும் ஏலத்துக்கும் போனது. 1982-ல் முதல் ராம்போ படத்துக்காக ஆர்கன்சாவைச் சேர்ந்த ஜிம்மி லைல் ஒரு கத்தி செய்து கொடுத்தார். காட்டில் ஒற்றை ஆளாகப் பிழைப்பவன் கையில் இருக்கவேண்டிய பொருள் அது என்று உலகம் நம்பியது. என் நண்பன் வாங்கியது அந்தப் படத்தின் பேரப்பிள்ளை. அதில் குத்துப்பட்டுச் செத்தவர்களின் வாரிசு யாரும் அவன் தெருவில் இல்லை.

நம் பக்கத்தில் இந்த மாதிரி ரத்தம் காய்ந்து மியூசியத்துக்குப் போன ஆயுதம் ஒன்று உண்டு. வளரி. பிறை போல வளைந்து, ஒரு முனை கனத்து, வீசினால் சுழன்று போய்த் தாக்குவது. மரத்தில், இரும்பில், தந்தத்தில்கூடச் செய்திருக்கிறார்கள். சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் இந்த வளைதடி வீசவும் கற்றுக்கொண்டதாக கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் தன் ராணுவ நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பிறகு அந்த மருதுவையே எதிர்த்து அவருடைய படை சண்டைபோட்டது. 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதே டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். தென்சீமைப் பாளையங்களில் கோட்டைகளை இடிக்கவேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்கவேண்டும், இனி யாரும் வைத்திருக்கக் கூடாது.

அந்தப் பிரகடனத்துக்குப் பிறகு எது மறைந்தது, எது நின்றது என்று பார்த்தால் எனக்கு ஒன்று புரிகிறது. வளரிக்குப் போரும் வேட்டையும்தான் வேலை. போர் முடிந்துவிட்டது, வேட்டைக்காடும் கைவிட்டுப் போனது. இன்று வளரியைப் பார்க்கவேண்டும் என்றால் அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்க்கமுடியும். அருவாவை மட்டும் யாராலும் ஒப்படைக்கச் சொல்ல முடியவில்லை. அதை வாங்கி வைத்துக்கொண்டால் மறுநாள் கருவை வெட்ட ஆளில்லை, பனையேற ஆளில்லை, விறகில்லை, வரியும் வராது. 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்தபோதும் இதே கதைதான். துப்பாக்கிக்கு லைசென்ஸ் வந்தது. அருவா வயலுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்பியது. வேலை இருந்ததால் தப்பித்த ஆயுதம் அது.

இல்லை, ஆயுதம் என்று சொல்வதே சரியா? தமிழில் இந்தச் சொல் கொஞ்சம் விவகாரம் பிடித்தது. ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் அருவா, மண்வெட்டி, ஸ்பேனர், மிக்ஸி, என் லேப்டாப் எல்லாம் ஒரே வரிசையில் சந்தனப்பொட்டு வாங்கிக்கொள்ளும். கருவிக்கும் கொலைக்கருவிக்கும் ஒரே சொல். சட்டம் எழுதியவர்கள் பிரிக்க நினைத்த கோடு, பேசுகிற மொழியில் இல்லவே இல்லை.

அருவாவின் வடிவத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தால் அது யாருக்காகப் பிறந்தது என்று தெரியும். போவிக்கு முனை உண்டு, குத்தலாம். வெட்டருவாவுக்குக் குத்தும் முனை கிடையாது. நுனி உள்பக்கமாகக் கொக்கி போல வளையும், எடை முழுவதும் முன்னால் இருக்கும். கிளையை இழுத்துப் பிடிக்க அந்தக் கொக்கி. முள்ளுக்குள் கையை விடாமல் வெட்டுவதற்கு. சீமைக்கருவேலம் மண்டிய கரிசலில் அந்த வளைவு இல்லாத கத்தியை எடுத்துப்போனால் பத்து நிமிஷத்தில் முழங்கை கிழிந்துவிடும். (இதே வளைவு ஐரோப்பாவில் வேலிச்செடி வெட்டும் கத்தியிலும் இருக்கிறது. முள் எங்கேயும் முள்தான்.) பன்னருவாவுக்குப் பல் உண்டு, கதிர் அறுக்க. பாளை அருவா அகலமாக, மெல்லிசாக, சவரக்கத்திக்குப் பக்கத்தில் இருக்கும்.

பாளை அருவாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். பனையேறி காலையும் மாலையும் மரமேறிப் பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவிவிட்டு இறங்குவார். கருக்கு மழுங்கியிருந்தால் பாளை நசுங்கும். நசுங்கினால் பதநீர் நின்றுபோகும். அன்றைய கூலியே கத்தியின் வாயில் இருக்கிறது. அதனால் வெங்கச்சங்கல்லைப் பொடித்து, மரப்பலகையில் தூவி, அதில் அருவாவைத் தீட்டுவார்கள். கத்தி சேகரிக்கிறவர்கள் தோல்பட்டையில் பசை தடவித் தீட்டும் வீடியோக்களை என் நண்பன் அனுப்பும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகைதான் ஞாபகம் வரும். இடுப்பில் கட்டும் அருவாப்பெட்டியும் அப்படித்தான். தலைகீழாகத் தொங்கினாலும் கத்தி விழாது, எடுக்கும்போது கை வெட்டாது. சிவகாசியிலும் விருதுநகரிலும் இன்று பெரிய வியாபாரக் குடும்பங்களாக இருக்கும் பலருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில், தெற்கே எங்கோ ஒரு பனங்காட்டில், அந்தப் பெட்டி இருந்திருக்கும்.

இரும்பைப் பற்றி ஒரு பெருமை நமக்கு உண்டு. கொடுமணலில் கிடைத்த உலைகள், உருக்கு என்ற சொல், அது 'வூட்ஸ்' ஆகி லண்டன் போய் மைக்கேல் ஃபாரடே அதை ஆராய்ந்தது எல்லாம் உண்மை. ஆனால் இன்றைய அருவாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்றைய அருவா லாரியின் கட்டுப்பட்டை. வருஷக்கணக்காக லோடு சுமந்து ஓய்ந்த ஸ்பிரிங் தகட்டைக் காயலான்கடையில் எடைக்கு வாங்கி, அளவுக்கு வெட்டி, உலையில் வைக்கிறார்கள். சிலிக்கானும் மாங்கனீசும் சேர்ந்த ஸ்பிரிங் எஃகு. வளைந்தால் நிமிரும், சட்டென்று ஒடியாது. வெளிநாட்டில் பெரிய பெயர் உள்ள கத்தி வடிப்பவர்களும் பழைய லாரி ஸ்பிரிங்கைத் தேடி எடுக்கிறார்கள் என்பது ஆசாரிகளுக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள்.

சாத்தூருக்குக் கிழக்கே ஒரு பட்டறையில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். உலைக்குக் கருவைக்கரி. முன்பு துருத்தி ஊதியது, இப்போது சின்ன மோட்டார். மகன் சம்மட்டி போட, அப்பா சுத்தியலால் இடம் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தபின் தோய்ச்சல். செக்கச்சிவந்த அருவாவின் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் இழைய விட்டு எடுத்தார். முதுகில் தங்கிய சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கியது. தேய்த்து வெள்ளையாக்கிய இரும்பின்மேல் முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் செம்பழுப்பு, அப்புறம் ஊதா என்று நிறம் ஓடியது. ஊதா கருக்கைத் தொடுவதற்குள் மறுபடி தண்ணீர். "இந்த மஞ்சள்ல நிறுத்தணும் தம்பி. முன்னாடி நிறுத்துனா கண்ணாடி மாதிரி சில்லு பேந்துரும். விட்டுட்டா தகரம்." தெர்மாமீட்டர் கிடையாது. திருப்பாச்சேத்தி அருவாவுக்கு அந்த ஊர்த் தண்ணிதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள், அவரையும் கேட்டேன். "தண்ணி எல்லா ஊர்லயும் இருக்கு. கண்ணு வேணும்" என்றார். நானும் அவர் கட்சி.

திருப்பாச்சேத்தி மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயர் சினிமாவில் வசனமாகி, பிறகு சாதாரணப் பேச்சில் மிரட்டலாகிவிட்டது. ஊரில் வடிப்பதில் பெரும்பங்கு மண்வெட்டியும் கோடாலியும் கதிரருவாவும்தான் என்று சொன்னால் சென்னை நண்பர்கள் ஏமாற்றமாகப் பார்க்கிறார்கள்.

அந்த ஆசாரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியதல்ல. "என்ன வேலைக்கு?" தென்னை மட்டைக்கு ஒரு கனம், முள்ளுக்கு ஒரு வளைவு, கறிக்கு ஒரு தகடு. வேலையைச் சொல்லாமல் அவரால் இரும்பை உலையில் வைக்க முடியாது. படைக்கலச் சட்டத்தின் வாலும் கேட்பது அதே கேள்வியைத்தான்.

ஆனால் கேள்விக்குச் சொல்லும் பதிலும் நடப்பதும் ஒன்றல்ல என்பதை எங்கள் மாவட்டம் நன்றாக அறியும். சிவகாசி விஸ்வநாதர் கோயிலில் நுழையும் உரிமையை நாடார்கள் கேட்டதையொட்டி வளர்ந்த பகை, 1899 ஜூன் 6 அன்று ஊரே சூறையாடப்படும் அளவுக்குப் போனது. ஆயுதச் சட்டம் வந்து இருபத்தோரு வருடம் ஆகியிருந்தது. 1997-ல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் இங்கே ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோது மறுபடி கலவரம். கடைசியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயர்களையெல்லாம் அரசு எடுத்துவிட்டது. 1985-ல் காமராஜர் மாவட்டமாகப் பிறந்தது விருதுநகர் மாவட்டம் ஆனது அப்படித்தான். அந்த வருஷங்களில் பஸ்ஸில் சட்டைக்குப் பின்னால் கைவிட்டுப் பார்க்கும் போலீஸை என் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். காலையில் முள் வெட்டிய அருவாதான் ராத்திரி முதுகுக்குள் போனது. தனியாக ஒரு சண்டை அருவா இருந்திருந்தால் அதை மட்டும் பறித்திருக்கலாம்.

பூமணியின் 'வெக்கை' 1982-ல் வந்தது. அதில் கொலை செய்யும் சிறுவனுக்கு அருவா பிடித்தமான பொருள் அல்ல. வேறு வழி எல்லாம் அடைந்தபின் கையில் மிஞ்சுவது. அதிலிருந்து எடுத்த 'அசுரன்' படத்தைத் தியேட்டரில் பார்த்தபோது அருவா வெளியே வந்த இடத்தில் விசில் பறந்தது. எனக்கு அந்த விசில்தான் பயமாக இருந்தது. 2018 பிப்ரவரியில் சென்னை மலையம்பாக்கத்தில் ஒரு ரௌடி நீளக் கத்தியால் கேக் வெட்டிப் பிறந்தநாள் கொண்டாட, போலீஸ் சுற்றிவளைத்துப் பல பேரைப் பிடித்தது. அதற்கப்புறம் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி வீடியோ போட்டுக் கைதாகும் பையன்களின் செய்தி நிற்கவே இல்லை. அவர்களில் பலர் வாழ்நாளில் ஒரு முள் வெட்டியிருக்க மாட்டார்கள். ஒருவிதத்தில் அவர்களும் என் நண்பனைப் போலத்தான். கத்தியின் வேலை வேண்டாம், கத்தி மட்டும் வேண்டும். வித்தியாசம், இவர்கள் தெருவில் அந்தக் கத்திக்கு இன்னும் பழைய கணக்கு இருக்கிறது. வீடியோவைப் பார்க்கிற பக்கத்துத் தெருப் பையனுக்கு அது அலங்காரமாகத் தெரியாது.

2021 செப்டம்பரில், தொடர் கொலைகளுக்குப் பிறகு, தமிழகக் காவல்துறை பட்டறைகளுக்கு வந்தது. அருவா வாங்குகிறவரின் பெயர், முகவரி, போன் நம்பர், எதற்காக வாங்குகிறார் என்பதை எழுதிவைக்கவேண்டும், கேமரா மாட்டவேண்டும். அலபாமாவின் நூறு டாலர் வரியைவிட இது புத்திசாலித்தனம்தான். ஆனால் சுமை விழுந்தது ஆசாரி தலையில். ஏற்கெனவே அச்சில் அடித்த தொழிற்சாலைக் கத்தியோடு போட்டி போடுகிற மனிதர், இப்போது வருகிறவன் முகத்தைப் பார்த்து நல்லவனா கெட்டவனா என்றும் சொல்லவேண்டும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் இரும்பின் நிறம்.

இதே மாவட்டத்தில் இரும்பையே உள்ளே விடாத இடமும் இருக்கிறது. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததில் தொடங்கிய சிவகாசியின் பட்டாசு ஆலைகளில், மருந்து புழங்கும் அறைக்குள் இரும்புக் கருவி கூடாது. தீப்பொறி வந்துவிடும். பித்தளை, மரம், அலுமினியம் மட்டும். காலையில் கருவை வெட்டிவிட்டு வேலைக்கு வருகிறவர் அருவாவை வீட்டிலேயே விட்டுவிடவேண்டும். கத்தியை அதன் அளவை வைத்தோ, வைத்திருப்பவரின் சாதியை வைத்தோ பார்க்காமல், வெறும் இரும்பு என்பதற்காக மட்டும் பயந்து வெளியே நிறுத்தும் ஒரே வாசல் எங்கள் ஊரில் அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வாசல் மேற்கே மலையடிவாரத்தில். என் நண்பன் சதுரகிரிக்கு வருவதாகச் சொல்லி, கத்தியையும் கொண்டுவரலாமா என்று கேட்டான். சதுரகிரி 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, எழுத்தில் முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தில் ஆயுதத்தின் பட்டியலில் துப்பாக்கி, வில், வலை, கண்ணி எல்லாவற்றோடும் கத்தி இருக்கிறது. அங்குலக் கணக்கு கிடையாது, விவசாயத்துக்கு என்ற வாலும் கிடையாது. வத்திராயிருப்பு வயலில் கருவியாக இருக்கும் அருவா, தாணிப்பாறை கேட்டைத் தாண்டினால் ஆயுதம். காட்டில் தங்குவதற்கென்றே விற்கப்படும் ஒரு கத்தியைக் கொண்டுபோக முடியாத ஒரே இடம் காடு என்றதும் நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பெங்களூர் அலமாரியிலேயே இருக்கட்டும் என்றான்.

சேகரிப்பு என்று வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் கருப்பசாமியை மிஞ்ச முடியாது. அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்புக்கு நேர்த்திக்கடனாக வந்து சேரும் அருவாக்களைப் பார்த்தால், எந்தக் கத்திப் பிரியரும் வாய் பிளப்பார். கையளவிலிருந்து ஆளுயரத்தையும் மிஞ்சும் அளவுவரை. கிராமத்துக் கோயில்களில் மண்ணில் நட்டுவைத்து, மழையில் துருவேறி, எலுமிச்சம்பழம் செருகி நிற்கும். சட்டத்தின் அளவை அவை எப்போதோ தாண்டிவிட்டன. வீட்டு உபயோகமும் இல்லை, விவசாயமும் இல்லை. எந்தப் போலீஸும் கேட்பதில்லை. சண்டை தீர்ந்ததற்கும், பிள்ளை பிறந்ததற்கும், கேஸில் ஜெயித்ததற்கும் வந்த அருவாக்கள் அவை. அவற்றின் முன்னால் நிற்கும்போது மட்டும் எனக்குப் பெரிய கத்தியின் அழகு கலப்பில்லாமல் தெரிந்திருக்கிறது. யாரும் எடுக்கப்போவதில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

பட்டறை ஆசாரி தன் நோட்டை எனக்குக் காட்டினார். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. பெயர், ஊர், போன், உபயோகம் என்று நாலு பத்தி. விறகு, தென்னை, தென்னை, ஆட்டுக்குழை, கரிமூட்டம், விறகு. ஆடி மாதத்துப் பக்கங்களில் வரி நெருங்கியிருந்தது. ஒரு பெயர், ஒரு போன் நம்பர், அதற்கு நேரே உபயோகத்தில் "சாமிக்கு. அஞ்சடி. கருக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு" என்று எழுதியிருந்தார். அந்த அருவா சுவரில் சாய்ந்து நின்றது. இன்னும் பூண் போடவில்லை.